நான்கும் உள, நன்று

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி நாற்பது நிமிடம். இதை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. என் மகளின் நோட்டில், என் கையெழுத்துக்குக் கீழே, சிவப்பு மையில் நானே எழுதி வைத்திருக்கிறேன். மாணவர் நோட்டைத் திருத்தினால் திருத்திய நேரத்தையும் குறிக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் விதி. இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். வீட்டு நோட்டுக்கு அந்த விதி இல்லை. ஆனாலும் இருபது வருடப் பழக்கத்தில் கை தானாகவே மணியை எழுதிவிட்டது.

அந்தப் பக்கத்தின் தலைப்பு, உவமை. அதன் கீழே அவள் எழுதியிருந்த வாக்கியம் இது: "என் கழுத்தில் உள்ள கொப்புளம் நாவற்பழம் போல் கறுத்திருக்கிறது."

நான் அதை இருமுறை படித்தேன். 'கொப்புளம்' என்பதன் கீழ் ஒரு கோடு போட்டுப் 'பொருள்' என்று எழுதினேன். 'நாவற்பழம்' என்பதன் கீழ் 'உவமானம்'. 'கறுத்திருக்கிறது' என்பதன் கீழ் 'பொதுத்தன்மை'. 'போல்' என்பதன் கீழ் 'உவம உருபு'. ஓர் உவமைக்கு இந்த நான்கும் வேண்டும். ஓரத்தில் "நான்கும் உள. நன்று" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அப்போது அவள் எனக்கு எட்டடி தூரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பதினைந்து வயது. வேலூரில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர அந்த ஆடி மாதக் கடைசியில் தேர்வு எழுத வேண்டியிருந்தது. தமிழ்த் தாளில் இலக்கியச் சொற்களுக்கு விளக்கம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் உதாரணம் தரச் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகள் கைடில் உள்ள உதாரணத்தை அப்படியே ஒப்பித்து வைப்பார்கள். நிலவு போன்ற முகம், முத்துப் போன்ற பல், தேன் போன்ற சொல். ஆம்பூரில் தமிழாசிரியனாக இருந்து அந்த நிலவையும் முத்தையும் ஆயிரம் நோட்டுகளில் திருத்தி எனக்குச் சலித்துப்போயிருந்தது. என் மகள் அப்படி எழுதக்கூடாது என்று ஒரு முறை வகுத்தேன்.

முறை எளிமையானது. நாளுக்கு ஒரு சொல். புத்தக உதாரணம் கூடாது. அன்று நீ கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, உடம்பில் பட்டது, இவற்றிலிருந்து ஒரு வாக்கியம் எழுது. நான் திருத்துகிறேன். பகலில் அவள் என்னிடம் எதையாவது சொல்ல வந்தால், "வாயால சொல்லி வீணாக்காதே, நோட்டுல எழுது" என்பேன். பேசிவிட்டால் எழுதும்போது சொல் சப்பென்று ஆகிவிடும் என்பது என் கொள்கை. அதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு போலப் பள்ளியில் மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

முறை பலித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தெருவின் பின்பக்கம் தோல் பதனிடும் மண்டி. அதற்கப்பால் ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகை, சுண்ணாம்புத் தொட்டிகள், பிறகு பாலாறு. இவை எந்தக் கைடிலும் இல்லாத உதாரணங்களை அவளுக்குக் கொடுத்தன. உயர்வு நவிற்சி என்றால் உள்ளதை அளவுக்கு மீறிச் சொல்வது. அதற்கு அவள் எழுதியது: "பட்டை இடிக்கும் சத்தத்தில் எங்கள் வீட்டுச் சுவருக்குத் தூக்கம் வந்து மூன்று வருடமாயிற்று." வஞ்சப்புகழ்ச்சி என்றால் புகழ்வது போலப் பழிப்பது. அதற்கு: "எங்கள் ஊருக்கு வர வழி கேட்க வேண்டாம், வண்டி மாதனூரைத் தாண்டியதும் எங்கள் ஊரே எதிர்கொண்டு வந்து மூக்கைப் பிடித்து அழைத்துப்போகும், அவ்வளவு உபசாரம்." ஆகுபெயர் என்றால் ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது. அதற்கு: "வெள்ளிக்கிழமை நண்பகலில் மண்டி தொழப் போயிற்று." போனது மண்டி இல்லை, அங்கே வேலை செய்யும் ஆட்கள். இடத்தின் பெயர் ஆளுக்கு ஆகியிருக்கிறது. இன்றும் வகுப்பில் ஆகுபெயர் வந்தால் எனக்கு வேறு உதாரணம் தோன்றுவதில்லை. சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டில் தோல் மண்டியின் மேஸ்திரி இருந்தார். காய்ந்து வரும் தோல்களைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. தமிழ் வாத்தியாரான என்னை அவரும் அவர் மனைவியும் 'முன்ஷி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாள் என் முன் வர மாட்டார். பின்கட்டில் இரண்டு வீட்டுக்கும் நடுவே தொங்கும் திரைக்கு அப்பால் நின்றுதான் பேசுவார். ஆனால் என் மகள் அங்கே அடுப்படி வரை போய் வருவாள். அவர் அவளைப் 'பேட்டி' என்பார். மகள் என்று பொருள். நோட்டில் எழுதியதை எல்லாம் அவள் அங்கே படித்துக் காட்டுவாள்.

ஒருநாள் திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "ஏன் முன்ஷி, பசிச்சா பசிக்குதுன்னே சொன்னா அதுக்கும் ஒரு பேரு இருக்குதாமே?"

"இருக்கு. தன்மை நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்றது."

"பேரு வெச்சா பசி கம்மியாய்டுமா?"

மேஸ்திரி உள்ளேயிருந்து சிரித்தார். என் மகளும் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் ரோசமாக இருந்தது. தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அன்று மாலையே அவளிடம், "பரீட்சை முடியற வரைக்கும் அந்த வீட்டுக்குப் போக வேணாம். அரட்டையில நேரம் போகுது" என்று சொல்லிவிட்டேன். அதற்கு முந்தின வாரமே என் மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்காக அணைக்கட்டு என்ற ஊருக்குப் போயிருந்தாள். ஆக, மகளின் தலையைத் தினமும் வாரிவிட்டுப் பின்னிவிடும் இரண்டு பெண்களில் ஒருத்தி ஊரில் இல்லை, இன்னொருத்தியிடம் போகக்கூடாது என்று நானே தடுத்துவிட்டேன். அவளுடைய பின்கழுத்தைப் பார்க்க அந்த வாரம் வீட்டில் ஆள் இல்லை.

கோணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்துக்கு விறகின் அடியில் போட மேஸ்திரி எனக்கு இரண்டு பழைய கோணி கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே, "இது காஞ்ச தோல் கட்டி வந்த கோணி, முன்ஷி. விறகுக்குக் கீழ போடுங்க. வேற எதுக்கும் வேணாம்" என்று சொன்னார். நான் சரி என்றேன். அந்தச் சொல்லை மகளிடம் சொல்ல மறந்துவிட்டேன். அந்த உவமையைத் திருத்தியதற்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை பகலில் நல்ல மழை. குடையை நான் பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டேன். அவள் எனக்குச் சாப்பாடு கொண்டுவர அந்தக் கோணி ஒன்றை உதறி, மூலையை மடித்து, கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நின்றாள். இடையர்கள் வயல்வெளியில் போட்டுக்கொள்வது மாதிரி இருந்தது. மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள் என்பதால் எனக்கு வெட்கமாயிருந்தது. சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு, "சீக்கிரம் போ" என்றேன்.

மறுநாள் புதன்கிழமைக்குரிய சொல், உருவகம். 'போல்' என்று சொல்லாமல் இதுவே அது என்று ஆக்கிவிடுவது உருவகம். அவள் எழுதியிருந்தாள்: "மழையில் எனக்குக் கோணியே வீடு. அந்த வீட்டுக்குக் கழுத்தைச் சுற்றி மட்டும் முள்வேலி." கோணி வீடு என்றால் அதன் முரட்டு விளிம்பு வேலி. நான் எழுதியது: "உருவகம் இடையில் முறியாமல் தொடர்ந்து வந்துள்ளது. மிக நன்று." வேலி கழுத்தைக் கீறியதா என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குரிய சொல், தற்குறிப்பேற்றம். இயல்பாக நடக்கிற ஒன்றின்மேல் எழுதுகிறவன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. அவள் எழுதியது: "கொசு என்னைச் சும்மா கடிக்கவில்லை. தேர்வுக்குப் போகிறவர்கள் பட்டியலில் நானும் உண்டு என்று என் கழுத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போயிருக்கிறது." இதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். சனிக்கிழமை பள்ளியில் இரண்டு ஆசிரியர்களுக்கு அதைச் சொல்லிக் காட்டினேன். "உங்க பொண்ணு பாஸ் பண்ணிடும் சார்" என்றார் ஒருவர். கழுத்தில் ஏதோ தடித்திருக்கிறது என்ற செய்தி என் வாயாலேயே அந்த அறையில் இரண்டுமுறை சொல்லப்பட்டது. நான் உட்பட ஒருவர் காதிலும் அது விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய்த் திரும்பி வரும் வழியில் அவள் என் பக்கத்தில் வந்து, "அப்பா, கழுத்துல ஒண்ணு வந்திருக்குப்பா. நீர் கோத்த மாதிரி இருக்கு" என்றாள்.

"வாயால சொல்லாதம்மா. நோட்டுல எழுது."

"எந்த அணியில எழுதறது?"

"அதை நீதான் கண்டுபிடிக்கணும்."

அவள் சிரித்துவிட்டு எனக்குப் பின்னால் நடந்து வந்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அதில் எனக்கு எதிராக எதுவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை என்ன எழுதினாள், நான் என்ன எழுதினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை இன்னும் மோசம். அன்றைய சொல், தன்மை நவிற்சி. பக்கத்து வீட்டு அம்மாள் கேலி செய்த அதே சொல். அவள் எழுதியது முழுவதையும் எழுதுகிறேன்: "கொப்புளத்தின் நடுவில் கறுப்பு. சுற்றிலும் வீங்கியிருக்கிறது. வீக்கம் இன்று காது வரை வந்துவிட்டது. அழுத்தினால் வலிக்கவில்லை. தலை கனக்கிறது." எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. 'இன்று' என்ற சொல்லில் ஒரு சுழி விட்டுப்போயிருந்தது. அந்தச் சுழியைச் சிவப்பு மையில் சேர்த்தேன். பிறகு ஓரத்தில் எழுதினேன்: "தன்மை நவிற்சியானாலும் அதற்கும் ஓர் அழகு வேண்டும். இது வெறும் செய்தி. திருத்தி எழுதவும்." மாலை ஆறு மணி ஐந்து நிமிடம்.

அவள் அன்று சீக்கிரமே படுத்துவிட்டாள். சாப்பிட வேண்டாம் என்றாள். தேர்வு பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை. வகுப்பு வாசலில் மேஸ்திரி வந்து நின்றார். மண்டியிலிருந்து அப்படியே வந்திருந்தார். கை கால் எல்லாம் சுண்ணாம்பு. "முன்ஷி, வெளிய வாங்க" என்றார். நான் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே போனேன். வீடு வரும்வரை அது என் கையில் இருந்தது.

வீட்டில் அவர் மனைவி என் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு வருடப் பழக்கத்தில் அந்த அம்மாளின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்ளும் எண்ணமே அவருக்கு இல்லை.

"காலைலேர்ந்து படிக்கிற சத்தமே இல்ல" என்றார். "தூங்குதுன்னு நினைச்சேன். இந்தப் பொண்ணு பகல்ல எப்ப தூங்குச்சு? நீங்க வர வேணாம்னு சொல்லிட்டீங்களாம், அதான் இம்மாம் நேரம் பொறுத்துப் பாத்தேன். அப்புறம் மனசு கேக்கல, வந்துட்டேன். இதப் பாருங்க முன்ஷி. இது இன்னா? எத்தினி நாளா இருக்குது?"

அவர் அவள் பின்னலை ஒதுக்கினார்.

நான் அதை வர்ணிக்கப் போவதில்லை. அவள் ஏற்கெனவே எழுதிவிட்டாள். கறுப்பு, வீக்கம் எல்லாம் அவள் எழுதியபடியே இருந்தன. வீக்கம் மட்டும் இப்போது காதைத் தாண்டித் தாடை வரை வந்திருந்தது. மூச்சு விடும்போது தொண்டையில் ஒரு கரகரப்பு.

"எத்தினி நாளுன்னு கேட்டேனே. வூட்டுல கூடவே இருந்துகினு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

அது பொய். எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். எந்த நாளில் எப்படி இருந்தது என்பது மணியோடு என் கையெழுத்தில் இருக்கிறது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார், தொடவில்லை. "மண்டியில இத நான் ரெண்டு பேருக்குப் பாத்திருக்கேன், முன்ஷி. காஞ்ச தோல்லேர்ந்து வர்றது. யாரும் கத்தி வெச்சுக் கீறிடக் கூடாது. கீறினா உள்ள எறங்கிடும்."

"அந்த ரெண்டு பேர்?"

"ஒருத்தன் எழுந்து வேலைக்கு வந்தான்." அவர் நிமிர்ந்து நின்றார். "இன்னொருத்தனைப் பாலாத்துக்கு அந்தாண்ட கொண்டுபோனோம்."

துக்கச் செய்தியை நேராகச் சொல்லாமல் வேறு வார்த்தையால் மூடிச் சொல்வதற்கு இலக்கணத்தில் மங்கலம் என்று பெயர். என் மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கும்போது என் மனம் அந்தப் பெயரைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தது. நடக்கிற எதற்கும் பெயர் வைத்துவிட்டால் அதற்கு அப்பால் நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை என்று என் மூளை அத்தனை வருடமாகப் பழகியிருந்தது. அன்று அதைக் கண்டு எனக்கே பயம் வந்தது. இன்றும் அந்தப் பயம் போகவில்லை.

ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் வந்தார். நல்ல மனிதர், மறைத்துப் பேசத் தெரியாதவர். "மேஸ்திரி சொல்றது சரிதான். இதுக்கான ஊசி மருந்து எங்கிட்ட இல்ல. வேலூர்ல பொம்பளைங்க ஆஸ்பத்திரியில இருக்கலாம். இவளை இப்ப வண்டியில குலுக்கி எடுத்துப் போனா வழியிலேயே மூச்சு அடைக்கும். படுக்க வைக்காதீங்க, தலையணை வெச்சு சாய்ச்சு உக்கார வைங்க. அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை மருந்தோட இங்க வரச் சொல்லித் தந்தி குடுங்க" என்றார். "இன்னிக்கே மருந்து உள்ள போகணும். தவறினா நாளைக் காலைல. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

தந்தி ஆபீசுக்கு ஓடினேன். எதற்கென்று தெரியாமல் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். காகிதம் வாங்கி எழுதினேன். என்ன எழுதினேன் என்பது நினைவிருக்கிறது: "என் குலவிளக்கு அணையும் தறுவாயில் உள்ளது. கருணைக் கடலாகிய தாங்கள் உடனே எழுந்தருளி என் மகளின் உயிர் காக்க வேண்டும்."

ஆங்கிலத்தில் ஆக்கி அனுப்ப வேண்டிய தபால் மாஸ்டர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. இதுல வியாதி எங்க இருக்கு?"

"என்ன?"

"விளக்கு இருக்குது, கடல் இருக்குது. பொண்ணுக்கு இன்னான்னு இல்லியே. டாக்டரம்மா இதப் படிச்சுட்டு எந்த மருந்தை எடுத்துகினு ரயிலேறுவாங்க?"

நான் எழுத முயன்றேன். மறுபடியும் 'உயிர் ஊசலாடுகிறது' என்றுதான் வந்தது. எனக்கு உள்ளதை உள்ளபடி எழுத வரவில்லை. பேனா அந்தப் பக்கம் போகவே மறுத்தது. கடைசியில் நோட்டைப் பிரித்து, புதன்கிழமைப் பக்கத்தை அவர் முன் வைத்து, "இதை அனுப்புங்க" என்றேன்.

அவர் என் சிவப்பு எழுத்தையும் சேர்த்துத்தான் படித்திருப்பார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கழுத்து, நடுவில் கறுப்பு, சுற்றிலும் வீக்கம், அழுத்தினால் வலி இல்லை. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஆங்கிலத்தில் எழுதினார். "பக்கத்துல தோல் மண்டி இருக்குதுன்னும் போட்டுடறேன் சார்" என்று அவராகவே ஒரு வரி சேர்த்தார். பிறகு கருவியைத் தட்ட ஆரம்பித்தார்.

ஒரு மணி நேரத்தில் வேலூரிலிருந்து பதில் வந்தது. டாக்டரம்மா கிராமங்களில் வைத்தியம் பார்க்க அமிர்திப் பக்கம் போயிருக்கிறார், ஆள் அனுப்பியிருக்கிறோம். அவ்வளவுதான்.

அவள் பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்து வாசகரைத் தவிக்க விடுவதும் கதை எழுதுகிறவர்கள் கையாளும் ஓர் உத்திதான். வகுப்பில் அதைப் புகழ்ந்து பாடம் நடத்தியிருக்கிறேன். இந்த விஷயத்தில் அதைச் செய்ய எனக்குக் கை கூசுகிறது. இதை நான் எழுதும்போது அவள் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். கழுத்தில் நாணய அளவில் ஒரு தழும்பு இருக்கிறது. பாத்திரச் சத்தம் நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நின்றுவிடுகிறது. மறுபடி சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வரி வருகிறது. என் மனைவி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள். "நீங்க பாத்துக்கிட்டே இருந்தா அவ எப்படி வேலை செய்வா?" என்கிறாள்.

பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அவள் தும்மினால் போய் நிற்கிறேன். "அப்பா, ஒண்ணுமில்லப்பா" என்று அவள் சொன்னால், அந்த ஒண்ணுமில்லை என்பது எந்த வகை என்று உள்ளுக்குள் ஒன்று தேடத் தொடங்குகிறது. மூடிச் சொல்கிறாளா, குறைத்துச் சொல்கிறாளா, உள்ளபடியே சொல்கிறாளா? எதுவாக இருந்தாலும் எழுந்து போய்க் கழுத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். பள்ளியில் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்த உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. 'என் வயிறு உலைபோல் கொதிக்கிறது' என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். அவனைக் கூப்பிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமைப் பிற்பகலுக்கு வருகிறேன். நாங்கள் மூவரும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். என் மனைவியை அழைத்துவர அணைக்கட்டுக்கு ஆள் போயிருந்தான். மேஸ்திரியின் மனைவி ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்தபடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். ஒருமுறை அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இன்னும் திருத்தி எழுதலப்பா" என்றாள்.

மேஸ்திரியின் மனைவி என்னைப் பார்த்தார். "இன்னாது எழுதணுமாம்?" என்று கேட்டார். நான் தலையை அசைத்தேன். எதையும் மறுப்பதற்காக அல்ல. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அசைத்தேன்.

"எழுத வேணாம் பேட்டி" என்று அவரே அவளிடம் சொன்னார். "முன்ஷி சும்மா தமாஷ் பண்றாரு. நீ பேசாம கெட."

இருட்டியது, விடிந்தது. அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததைத் தவிர அந்த இரவைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. காலையில் வீக்கம் மார்பின் மேல்பக்கம் வரை இறங்கியிருந்தது. ஊர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு வாசலில் நின்று ரயில் நிலையம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். காட்பாடியிலிருந்து வரும் காலைப் பாசஞ்சர் ஊதிய சத்தம் கேட்டது. மேஸ்திரி ஏற்கெனவே ஜட்கா ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்குப் போயிருந்தார்.

ஜட்கா வாசலில் நிற்பதற்குள் டாக்டரம்மா இறங்கிவிட்டார். நாற்பது வயதிருக்கும். நூல் புடவை, அதன் கரை முழுவதும் காய்ந்த சேறு. அமிர்திக் காட்டுப் பாதையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கையில் ஒரு தகரப் பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். நான் கைகூப்பி, "அம்மா, என் மகள்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க அப்பாவா? வழி விடுங்க. தண்ணி கொதிக்க வைங்க."

அவர் மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பின்னலை ஒதுக்கிப் பார்த்தார். நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். "போன வாரம் செவ்வாய்க்கிழமை மழையில..."

"நீங்க சொல்ல வேணாம். அவளுக்கு நினைவு இருக்கு. அவ சொல்லட்டும்." பிறகு குனிந்து, வேறு குரலில், "என்னம்மா பண்ணுது? மெதுவா சொல்லு. எனக்கு அவசரமே இல்ல" என்றார்.

நான் அடுப்படிக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் மகளின் குரல் கேட்டது. விட்டுவிட்டு, மூச்சு வாங்கி, முதலிலிருந்து சொல்லிக்கொண்டு போனாள். இடையில் டாக்டரம்மா, "ம்" என்று மட்டும் சொன்னார். தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பு சீறியது. மேஸ்திரியின் மனைவி வந்து என்னைத் தள்ளிவிட்டுப் பாத்திரத்தை இறக்கினார்.

ஊசி போட்டுவிட்டு, வெகுநேரம் கழித்து, டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம்.

"மருந்து உள்ள போயிருக்கு" என்றார். "ரெண்டு நாளைக்கு நான் நல்லாயிடும்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். ஆறு மணிக்கு ஒரு ஊசி, நாளைக்கு ரெண்டு. நான் வேலூருக்குத் திரும்பிப் போகப் போறதில்ல, இங்கயேதான் இருக்கப் போறேன். அவ பக்கத்துல எனக்கு ஒரு பாய் போடுங்க."